‘நடந்து காட்டுடா’: அப்பாவின் பெருமையும் மகனின் இரண்டு காயங்களும்

மலேசியாவின் பினாங்கில் 2024 ஜூன் இறுதியில் நடந்த ஒரு மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகான 12 மாத மறுவாழ்வுச் சிகிச்சையின் பதிவு இது. குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதப்படுகிறது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்கள் விடப்பட்டுள்ளன. வாரக் கணக்கு விபத்து நாளிலிருந்து. கால் முறிவும் தலைக்காயமும் சேர்ந்து வரும் இளைஞர்கள் மறுவாழ்வுப் பிரிவுக்குப் புதியவர்கள் அல்லர். இந்த நிகழ்வைத் தனியே எழுதக் காரணம் அப்பா. மகன் தேறி வருவதில் அவருக்கு இருந்த பெருமை ஒரு கட்டத்தில் முறிந்த எலும்பையே பதம் பார்த்தது. வேறொரு கட்டத்தில், சிகிச்சைக் குழுவான எங்களால் செய்ய முடியாத வேலையைச் செய்து முடித்தது.

பின்னணி

மகனுக்கு 26 வயது, திருமணம் ஆகவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். 12 மணி நேர ஷிப்ட். அப்பாவுக்கு 61 வயது, லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 57, வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீடு ஆயர் ஈத்தாமில், லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி பிளாட்டின் மேல்தளத்தில். தரையிலிருந்து வாசல் வரை 64 படிகள். கழிவறை குந்தி உட்காரும் வகை. சேர்க்கைப் படிவத்தில் இவை இரண்டையும் யாரும் கேட்கவில்லை. பின்னால் வந்த பாதிச் சிக்கல் இந்த இரண்டிலிருந்துதான் வந்தது.

இரவு ஷிப்ட் முடித்து, காலை ஏழரை மணிவாக்கில் நேர்வழியில் வீடு திரும்பும்போது ஒரு காரின் பக்கவாட்டில் மோட்டார் மோதியது. தலைக்கவசம் அணிந்திருந்தார். இடது தொடை எலும்பின் நடுத்தண்டு பல துண்டுகளாக முறிந்திருந்தது. வலது முன்மூளையில் கன்றிய காயமும் மெல்லிய ரத்தக் கசிவும் சி.டி. ஸ்கேனில் தெரிந்தன. அவசரப் பிரிவுக்கு வந்தபோது, சுயநினைவின் அளவைக் காட்டும் கிளாஸ்கோ மதிப்பெண் 15க்கு 10.

வேலைக்குப் போகும், வரும் வழியில் நேரும் விபத்தும் 1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேலை விபத்துதான். முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்கு, அதாவது மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கே தொழிற்சாலை அதைத் தாமதமின்றிச் செய்தது. போலீஸ் புகாரை இரண்டாம் நாளே அப்பா பதிந்துவிட்டார். எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புக் காலத்தில் தினக்கூலியின் 80 விழுக்காடு கிடைத்ததால், சீக்கிரம் வேலைக்குப் போயாக வேண்டும் என்ற பண நெருக்கடி இல்லை. பிறகு நேர்ந்த அவசரத்துக்குக் காசு காரணம் இல்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

முதல் 24 நாட்கள்

தலைக்கு அறுவை தேவைப்படவில்லை; அடுத்தடுத்த ஸ்கேன்களில் ரத்தக் கசிவு பெருகவில்லை. வலிப்பு வராமல் தடுக்க ஏழு நாள் மருந்து தரப்பட்டது. மூன்றாம் நாள், இடுப்புப் பக்கமிருந்து தொடை எலும்பின் உள்குழிக்குள் கம்பி செலுத்தி, மேல்முனையிலும் கீழ்முனையிலும் குறுக்குத் திருகுகளால் பூட்டினார்கள்.

ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்து ‘அப்பா’ என்றார். அப்பாவின் கணக்கில் தலைக்காயம் அன்றோடு முடிந்தது. மருத்துவக் கணக்கு வேறு. அடிபட்டவர் பேசத் தொடங்கினாலும், அன்றாட நிகழ்வுகள் நினைவில் பதியாத ஒரு காலம் இருக்கும். எந்த ஊர், என்ன கிழமை, நேற்று வந்து பார்த்தது யார் என்ற கேள்விகளுக்குத் தொடர்ந்து மூன்று நாள் சரியான பதில் வந்தால்தான் அந்தக் காலம் முடிந்ததாகக் கொள்வார்கள். இவருக்கு அது 16 நாள் நீடித்தது. ஒரு வாரத்தைத் தாண்டினாலே கடுமையான காயம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இதைக் குடும்பத்துக்குச் சொன்னோம், ஆனால் வார்டு வராந்தாவில், நின்றபடி, இரண்டு நிமிடத்தில். ‘சின்ன ரத்தக் கட்டு, கரைஞ்சிடும்’ என்பதே அப்பாவின் மனதில் நின்றது.

நடைப்பயிற்சிக்கான இணைகம்பிகளைப் பிடித்துக்கொண்டு மகன் முதன்முதலாக எழுந்து நின்றது 13ஆம் நாள். அப்பா அதைக் கைப்பேசியில் எடுத்து உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். ‘என் பிள்ளை சிங்கம்’ என்று கூடவே ஒரு வரி. வார்டில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. அன்றைய தினத்தைப் பற்றி மகனுக்கு இன்றுவரை எந்த நினைவும் கிடையாது.

வீடு திரும்பிய நாள் அறுவை மருத்துவரின் குறிப்பு தெளிவாகவே இருந்தது: இடது காலில் 20 கிலோ வரை மட்டும் எடை, ஆறு வாரத்துக்கு இரண்டு ஊன்றுகோல். பல துண்டான முறிவில் எலும்புகள் ஒன்றையொன்று தாங்குவதில்லை. புது எலும்பு ஊறும்வரை முழு எடையும் கம்பியிலும் திருகுகளிலும்தான் இறங்கும். இதை எங்கள் தரப்பில் குடும்பத்துக்கு விளக்கியவர் ‘கொஞ்சமா ஊன்றலாம்’ என்று சொன்னார். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று அடுத்த நான்கு வாரம் யாரும் அளக்கவில்லை.

7ஆம் வாரம்: வீட்டில் நடந்தது

மகனை நாற்காலியில் உட்கார வைத்து, அப்பாவும் இரண்டு மருமகன்களும் 64 படிகள் தூக்கிச் சென்றார்கள். மருத்துவமனைக்கு வரும் நாள் தவிர அவர் கீழே இறங்க வழியில்லை. எனவே உறவினர்கள் மேலே வந்தார்கள். ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் அப்பா மகனை எழுப்பி, ‘மாமா வந்திருக்காங்க, நடந்து காட்டுடா’ என்பார். முதலில் ஊன்றுகோலுடன். 7ஆம் வார இறுதியில் ஒரு கோலுடன். அந்த ஞாயிறு மாலை, கோல் இல்லாமலே ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. அன்று ஒரே நாளில் எட்டுத் தடவை என்று அம்மா கணக்கு வைத்திருந்தார்.

அன்றிரவு முழங்கால் வீங்கியது. விடியற்காலையில் கழிவறைக்குப் போனபோது, வாசலில் உள்ள 10 சென்டிமீட்டர் தடுப்பைத் தாண்டுகையில் ஊன்றுகோல் ஈர ஓட்டில் வழுக்கி விழுந்தார். கோலின் ரப்பர் அடி ஒரு பக்கமாகத் தேய்ந்து வழவழப்பாகி இருந்தது. முழங்கால் 95 பாகைக்கு மேல் மடங்காது; குந்தி உட்கார அது போதாது. அதனால் ஒரு காலை நீட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு சமாளித்து வந்திருக்கிறார். இதுவும் அன்றுதான் தெரியவந்தது. 

எக்ஸ்ரேயில் கம்பி இடம் மாறவில்லை. கீழ்முனைத் திருகுகளில் ஒன்று லேசாக வளைந்திருந்தது. புது எலும்பு மங்கலாக, ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. இன்னும் சில வாரம் இதே பளு இறங்கியிருந்தால் திருகு உடைந்து, கால் நீளம் குறைந்து, மறு அறுவை வந்திருக்கலாம்.

முடிவுகள்: 20 கிலோ வரம்பு மேலும் நான்கு வாரம் நீட்டப்பட்டது. கழிவறைக்குக் கமோட் நாற்காலி, தடுப்பருகே சுவரில் ஒரு கைப்பிடி. ஊன்றுகோலுக்குப் புது ரப்பர். கோலின் உயரமும் திருத்தப்பட்டது: மேல்முனைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, கைப்பிடியைப் பற்றும்போது முழங்கை சற்றே மடங்கிய நிலை. இவை ஒரே நாளில் முடிந்த வேலைகள். அப்பாவிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது.

அவரைக் கண்டிக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று தீர்மானித்ததற்கு இரண்டு காரணங்கள். அளவைச் சொல்லாமல் விட்டது நாங்கள். அதோடு, வீட்டில் மகனைப் பயிற்சி செய்ய வைக்கக்கூடிய ஒரே ஆள் அவர். வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொண்டால் நஷ்டம் மகனுக்குத்தான். எனவே பிசியோதெரபிஸ்ட் அவருடைய தொழில் வழியாகவே பேச்சைத் தொடங்கினார்: ‘அங்கிள், சேசிஸ் வெடிச்சு இப்பதான் வெல்டிங் போட்ட லோரி. மறுநாளே ஃபுல் லோடு ஏத்துவீங்களா?’ அப்பா உடனே பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, ‘எத்தனை கிலோ ஏத்தலாம்னு யாரும் சொல்லலியே’ என்றார். நியாயமான பதில்.

தராசும் நோட்டும்

எடை பழக்க, குளியலறையில் வைக்கும் சாதாரணத் தராசு போதும். ஊசி உள்ளதாக இருக்க வேண்டும். எண் காட்டும் மின்தராசுகளில் பல, எடை நிலைத்ததும் எண்ணைப் பூட்டிவிடும். பிறகு கூடினாலும் குறைந்தாலும் காட்டாது. இடது கால் தராசில், வலது கால் அதே உயரத்துக்கு அடுக்கிய பழைய புத்தகங்களின் மேல். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் இடுப்பு சாய்ந்து, காட்டும் எடை பொய்யாகிவிடும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, ஊசி 20ஐத் தொடும்வரை அழுத்தி ஐந்து விநாடி நிறுத்த வேண்டும். பத்துத் தடவை, காலையும் மாலையும். அடுத்த கட்டமாகக் கண்ணை மூடி அழுத்தி, 20 வந்துவிட்டதாகத் தோன்றும்போது திறந்து பார்க்க வேண்டும்.

முதல் நாள் கண்ணை மூடி அவர் அழுத்திய ‘20 கிலோ’வுக்கு ஊசி 38இல் நின்றது. நான்கு வாரமாக வீட்டில் நடந்த ‘கொஞ்சம்’ அதுதான். மூன்று கிலோ முன்பின்னாகச் சரியாக அழுத்தப் பழக ஆறு நாள் ஆயிற்று.

அப்பாவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் ஒப்படைக்கப்பட்டது. லோரியில் லாக் புத்தகம் எழுதிப் பழகிய கை. கோடு போட்டு, மை மாற்றி, எங்கள் படிவத்தைவிட ஒழுங்காக எழுதினார். தேதி, தராசு எடை, நடந்த நிமிடம், இரவு வலி பத்துக்கு எத்தனை, முழங்கால் சுற்றளவு, தொடைச் சுற்றளவு. தொடையை முழங்கால் சிப்பியின் மேல்விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே, பேனாவால் புள்ளி வைத்து அளக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நாடா போட்டால் தசை கூடியதா குறைந்ததா என்று சொல்லவே முடியாது. தொடக்கத்தில் இடது தொடை வலதைவிட 4.5 சென்டிமீட்டர் மெலிந்திருந்தது.

உறவினர்கள் வந்தபோது அப்பா இப்போது மகனை எழுப்பவில்லை. நோட்டைக் காட்டினார். பெருமை கொஞ்சமும் குறையவில்லை, இடம் மாறிவிட்டது. இது திட்டமிட்டு வந்ததல்ல. நோட்டைக் கொடுத்தபோது நாங்கள் எண்ணியது அளவுகளை மட்டுமே.

11ஆம் வார எக்ஸ்ரேயில் இரண்டு பக்கம் புது எலும்பு பாலமிட்டிருந்தது. அப்போது அவர் உடல் எடை 66 கிலோ. வாரத்துக்கு 10 கிலோ வீதம் கூட்ட அறுவை மருத்துவர் ஒப்பினார். நிபந்தனை மூன்று: இரவு வலி 3ஐத் தாண்டக் கூடாது, முழங்கால் சுற்றளவு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடக் கூடாது, கம்பி நுழைந்த இடுப்பில் புது வலி வரக் கூடாது. 13ஆம் வாரம் முழங்கால் வீங்கியதால் அப்பாவே எடையைக் கூட்டாமல் நிறுத்தி, ‘லோடு ஹோல்டு’ என்று எழுதியிருந்தார். 16ஆம் வாரம் முழு எடை வந்தது.

முழு எடை வந்ததும் தெரிந்த குறை, தாங்கல் நடை. இடது காலில் நிற்கும்போது வலது இடுப்பு கீழே இறங்கி, உடல் இடப்பக்கம் சாயும். கம்பி நுழையும் வழியில் இடுப்பின் பக்கத் தசை அடிபடுவதும், பிறகு வாரக்கணக்கில் அது வேலை செய்யாமல் கிடப்பதும் இதற்குக் காரணம். அப்பா இதைக் கெட்ட பழக்கம் என்றெண்ணி ‘நேரா நட’ என்று அதட்டிக்கொண்டிருந்தார். அதட்டலுக்குத் தசை வளராது. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து இடது காலைத் தூக்குவது, பத்துப் பத்தாக மூன்று சுற்று, பிறகு ரப்பர் பட்டையுடன், பிறகு நின்றபடி. கைத்தடியை அவர் இடது கையில் பிடித்திருந்தார். எல்லாக் குடும்பங்களும் செய்யும் தவறு இது. அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில், அதாவது வலது கையில் இருந்தால்தான் தடி அந்தத் தசையின் சுமையைக் குறைக்கும்.

சொல்லாமல் வைத்த காயம்

நோட்டில் மேலும் இரண்டு கட்டங்கள் இருந்தன: தூக்கம், கோபம். மூன்று வாரம் அவை காலியாகவே வந்தன. நான்காம் வாரம் வேறொரு கையெழுத்தில், பென்சிலில் நிரம்பியிருந்தன. ‘14 மணி நேரம்.’ ‘சாப்பாட்டுத் தட்டை வீசினான்.’ ‘அடுப்பை மூடலை.’ அம்மா எழுதியவை.

அம்மாவைத் தனியே கேட்டபோது தகவல் கொட்டியது. டிவி ஓடும்போது யாராவது பேசினால் மகன் கத்துகிறார். சொன்னதையே சொல்கிறார். மாத்திரை போட்டதை மறந்து மறுபடி கேட்கிறார். தனக்கு ஒன்றுமில்லை என்று உறுதியாக நம்புகிறார். முன்மூளைக் காயத்துக்கு இவை புதிதல்ல; தன் குறை தனக்கே தெரியாமல் இருப்பதும் அந்தக் காயத்தின் ஒரு பகுதிதான். 6ஆம் வாரம் மலாயில் நடத்திய மோகா அறிதிறன் தேர்வில் 30க்கு 19 வாங்கியிருந்தார். 26ம் அதற்கு மேலும் இயல்பு. பள்ளி, வேலை இரண்டுக்கும் மலாய்தான் அவர் மொழி என்பதால் தேர்வு மலாயில். வீட்டில் எழும் சிக்கல்களை மட்டும் தமிழில் கேட்டோம். கோபத்தைப் பற்றி மலாயில் கேட்டபோது ‘ஓக்கே’ என்று முடித்தவர், தமிழில் கேட்டபோது பத்து நிமிடம் பேசினார்.

உறவினர்களிடமும் தொழிற்சாலையிலும் அப்பா ‘கால் முறிவு’ என்று மட்டுமே சொல்லியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு அவர் மறைக்கவில்லை: ‘மூளையில அடின்னு வெளிய சொன்னா, நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?’ காலைக் காட்டிப் பெருமைப்பட்டதும் தலையை மறைத்ததும் ஒரே அக்கறையின் இரண்டு பக்கங்கள் என்பது எங்களுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

12ஆம் வாரம் அப்பா, அம்மா, மகன் மூவரையும் ஒன்றாக உட்கார வைத்து, கால் எக்ஸ்ரேயையும் தலை ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினோம். அப்பா ஸ்கேனை நெடுநேரம் பார்த்துவிட்டு, ‘இதுக்கு எங்க கம்பி போட்டீங்க?’ என்றார். கம்பி கிடையாது, தூக்கமும் அமைதியும் ஒழுங்கான நேரமும்தான் இதற்குக் கட்டு என்று விளக்கினோம். அதிலிருந்து வீட்டில் மாறியவை: சாப்பிடும்போது டிவி கிடையாது. களைப்பு வந்த பிறகு அல்லாமல், வருவதற்கு முன்பே காலை 11க்கும் மாலை 3க்கும் 20 நிமிட ஓய்வு. மாத்திரைக்கு நாள் பிரித்த டப்பா. கேஸ் அடுப்பில் தண்ணீர் வைக்காமல், கொதித்ததும் தானே அணையும் மின்கெட்டில். கோபம் ஏறும்போது மகன் எழுந்து அறைக்குப் போவார், யாரும் பின்னால் போகக் கூடாது. இந்தக் கடைசி விதியைக் கடைப்பிடிக்க அப்பாவுக்குத்தான் அதிக நாள் பிடித்தது.

செயல்வழிச் சிகிச்சையாளர் 17ஆம் வாரம் அவரை ஆயர் ஈத்தாம் சந்தைக்கு அழைத்துப் போனார். மூன்று கடை, எட்டுப் பொருள், கையில் பட்டியல். மூன்று பொருளை விட்டுவிட்டு, வெங்காயத்தை இரண்டு தடவை வாங்கினார். அதற்கு முந்தின வாரம்தான், அமைதியான அறையில், மோகாவில் 23 எடுத்திருந்தார்.

தீபாவளியும் காவடியும்

2024 தீபாவளி அக்டோபர் 31, அதாவது 18ஆம் வாரம். வீடு நிறைய விருந்தினர். வரும் தைப்பூசத்தில் மகன் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அலகுக் காவடி எடுப்பான் என்று அப்பா எல்லோர் முன்னாலும் அறிவித்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அம்மா வேண்டிக்கொண்டது பால்குடம். அது காவடியாக வளர்ந்தது அன்று மாலைதான்.

நேர்த்திக்கடனில் கருத்துச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை; அதன் உடல் தேவை என்ன என்று கணக்கிடலாம். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். பூசம் 2025 பிப்ரவரி 11, விபத்திலிருந்து 33ஆம் வாரம். அலகுக் காவடிச் சட்டம் 20 கிலோவுக்குக் குறையாது என்று அப்பாவே சொன்னார். வெறுங்கால். ரதம் வரும் வழியெங்கும் தேங்காய் உடைப்பது பினாங்குப் பூசத்தின் அடையாளம். தெருவில் ஓட்டுச் சில்லும் தண்ணீரும் கிடக்கும், இடுப்புத் தசை தேறாதவர் வழுக்கினால் சமாளிக்க மாட்டார். காலைவிடத் தலைக்கே ஆபத்து அதிகம்: இரவுத் தூக்கம் இருக்காது, உறுமி மேளம், தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கி, நெரிசல். முன்மூளையில் அடிபட்டவருக்குத் தூக்கமின்மை வலிப்பைத் தூண்டலாம்.

மகனைத் தனியே கேட்டோம். 20ஆம் வாரம் வரை இதை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை, நாங்கள் உட்பட. ‘கோயிலுக்கு ஏறணும். அது முருகனுக்கு. அப்பாவோட ஆளுங்களுக்கு நடந்து காட்ட இனிமே முடியாது’ என்றார். வீடியோக்கள் பற்றிய மனத்தாங்கலும் அப்போதுதான் வெளிவந்தது.

அம்மா கோயில் குருக்களிடம் கேட்டு வந்தார். பிள்ளைக்காகப் பெற்றவர் பால்குடம் எடுக்கலாம், மலையேறுவதற்குப் பூச நாள்தான் என்றில்லை என்பது அவர் பதில். இந்த வார்த்தை எங்களிடமிருந்து வந்திருந்தால் எடுபட்டிருக்காது. முடிவு இரண்டாகப் பிரிந்தது: பூசத்தன்று பால்குடம் அப்பாவுக்கு, கூட்டமில்லாத ஒரு காலையில் 513 படிகள் மகனுக்கு.

அப்பா ஒன்பது நாள் நோட்டில் எதுவும் எழுதவில்லை. பத்தாம் நாள் ஒரு கணக்கோடு வந்தார். ‘எங்க பிளாட் 64 படி. எட்டுத் தடவை ஏறினா 512. ஒண்ணுதான் மிச்சம்.’ பயிற்சித் திட்டம் அங்கிருந்து பிறந்தது.

64இன் பெருக்கல்

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில், கை எப்போதும் கைப்பிடியில்: முதல் இரண்டு வாரம் இப்படி. பிறகு கால் மாற்றி மாற்றி. நாளுக்கு ஒரு சுற்றில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு சுற்றுக்கு மேல் கூட்டாமல், வாரம் நான்கு நாள். பிளாட் படியில் ஒரு நன்மை உண்டு: ஏறியதையெல்லாம் இறங்கியாக வேண்டும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் முழங்கால் அங்கேதான் நோகும். மலையேற்றத்துக்குத் தயார் செய்பவர்கள் ஏற்றத்தை மட்டும் பழக்கிவிட்டு இறக்கத்தில் மாட்டிக்கொள்வது சாதாரணம். 

சனிக்கிழமைகளில் தாவரவியல் பூங்காவில் நடை, காலை எட்டு மணிக்கு முன்னால். ஆறு நிமிட நடைத் தேர்வில் 16ஆம் வாரம் 290 மீட்டர். 30ஆம் வாரம் 510. தொடை வித்தியாசம் 1.5 சென்டிமீட்டராகக் குறைந்தது. எக்ஸ்ரேயில் 24ஆம் வாரமே நான்கில் மூன்று பக்கம் எலும்பு கூடியிருந்தது.

2025 ஜனவரி கடைசி வாரத்தில், ஒரு வார நாள் காலை ஆறே முக்காலுக்கு ஏறத் தொடங்கினார்கள். நான்கு இடங்களில் ஓய்வு, மொத்தம் 29 நிமிடம். இறங்க 34 நிமிடம். கடைசி நூறு படிகளில் முழங்கால் நடுங்கியதால் மறுபடி அடிபட்ட கால் முதலில் என்ற முறைக்கு மாறினார். மேலே அப்பா கைப்பேசியை எடுத்து, ‘எடுக்கவா?’ என்றார். ‘கடைசிப் படி மட்டும்’ என்றார் மகன். பதினோரு விநாடி. குழுவுக்கு அனுப்பியது மகன்தான், ஒரு வரி சேர்த்து: ‘கால் மட்டும் இல்ல, தலையிலயும் அடி. இன்னும் சரியாயிட்டு இருக்கு.’ மறுநாளே ஓர் அத்தை அழைத்து, பெண் வீட்டாரிடம் இனி என்ன சொல்வது என்று கேட்டார். அப்பா பாதியில் தொலைபேசியை வைத்துவிட்டார்.

பூசத்தன்று அப்பா பால்குடம் எடுத்தார். மகன் காதடைப்பான் போட்டுக்கொண்டு அடிவாரத்தில் 40 நிமிடம் நின்றுவிட்டு வீடு திரும்பினார்.

வேலைக்குத் திரும்புதல்

28ஆம் வாரம், பெர்கேசோவின் வேலைக்குத் திரும்பும் திட்டத்தின் மூலம். தலைக்காயத்தைத் தொழிற்சாலைக்குச் சொல்வதா என்பதை மகனே தீர்மானித்தார். மேற்பார்வையாளருக்கு மட்டும் சொல்லச் சம்மதித்தார். முதல் இரண்டு வாரம் பகலில் நான்கு மணி நேரம், சோதனை மேசையில், சுழலும் இயந்திரம் இல்லாத இடத்தில், ஒவ்வொரு மின்சுற்றுப் பலகைக்கும் சரிபார்ப்புத் தாளுடன். மூன்றாம் வாரம் ஆறு மணி நேரமாக்கியதும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு தவறுகள் குவிந்தன. மீண்டும் நான்கு. பிறகு நடுவில் 20 நிமிட அமைதி ஓய்வுடன் ஐந்து, ஆறு, எட்டு என்று போக மே மாதம் ஆயிற்று. 26ஆம் வாரமே மோகாவில் 26 வந்திருந்தது. அந்த எண்ணை நம்பி ஆறு மணி நேரத்துக்குத் தாவியது எங்கள் அவசரம்.

12 மாதம் கழித்து

எலும்பு கூடிவிட்டது. இடது கால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் குட்டை. காலணியில் தட்டை அட்டை போதும். நீண்ட நேரம் நின்றால் தாங்கல் நடை தலைகாட்டும். மோகா 27. சத்தமான இடத்தில் எரிச்சல் இன்னும் உண்டு. முழுநேரப் பகல் வேலை. 12 மணி நேர ஷிப்டும் இரவு வேலையும் கிடையாது. தொழிற்சாலை பஸ்ஸில் போய்வருகிறார். மோட்டாரைத் தொடுவது பற்றிய மதிப்பீடு பாக்கி. வண்டி பிளாட்டின் கீழே தார்ப்பாயின் அடியில் நிற்கிறது. விற்க அப்பாவுக்கு மனமில்லை, ஓட்ட மகனுக்கு இப்போதைக்கு அவசரமில்லை.

எதை மாற்றுவோம்

‘கொஞ்சம்’, ‘பாதி’, ‘மெதுவா’ ஆகிய சொற்களை எடை வரம்புக்குப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டோம். தராசில் நிற்காமல் யாரும் வீடு போவதில்லை. எத்தனை படி, எந்த வகைக் கழிவறை என்பது சேர்க்கை நாளிலேயே கேட்கப்படுகிறது. 

நேர்த்திக்கடன் ஏதும் வேண்டிக்கொண்டார்களா என்று முதல் வாரத்திலேயே பெற்றோரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் 18ஆம் வாரம் விருந்தினர் முன் அது வளர்ந்திருக்காது. 513 படிகள் என்ற இலக்கும் பத்து வாரம் முன்னதாகவே கையில் கிடைத்திருக்கும். 

நினைவு பதியாத காலத்தில் எடுக்கும் வீடியோவைப் பற்றிக் குடும்பத்திடம் பேசுவது வார்டு நடைமுறையில் சேர்ந்திருக்கிறது: எடுக்கலாம், ஆனால் அடிபட்டவர் தெளிந்து சம்மதம் சொல்லும்வரை வெளியே அனுப்ப வேண்டாம். தலைக்காயத்தை வராந்தாவில் சொல்வதில்லை. இரண்டு படங்களையும் மேசையில் வைத்து, அப்பா அம்மா இருவரும் இருக்கும்போது சொல்கிறோம். 

நோட்டும் மாறியிருக்கிறது. புது நோட்டில் தூக்கம், கோபம் என்ற இரண்டு கட்டங்கள் முதல் பக்கத்தில், தராசு எடைக்கு முன்னால் இருக்கின்றன. கூடவே ஒரு பென்சிலும் தருகிறோம்.